ஒரு ழவும் ஒரு விசாவும்

அப்பாவின் பெயரில் ஒரு ழ இருக்கிறது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. ழ இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கடந்த ஒன்றரை வருடம் நான் அலைந்த அலைச்சலில் பாதி அந்த ஓர் எழுத்தால் வந்தது.

நான் நர்ஸ். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஏழு வருடம் வேலை, அதில் ஐந்து வருடம் ஐ.சி.யூ. அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறேன். விசா ஒட்டின பாஸ்போர்ட் போன வாரம்தான் கைக்கு வந்தது. அம்மா அதை வாங்கி, பீரோவில் தன் கூறைப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வார்டில் கூட இருந்த ஜூனியர் பெண்கள் "அக்கா, என்னென்ன பேப்பர் வேணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதற்குக் குறுக்குவழி கிடையாது. நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் கோதே இன்ஸ்டிட்யூட்டில் பி2 நிலை ஜெர்மன் தேர்வு எழுதினேன். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 60 வாங்க வேண்டும். கேட்டலில் எனக்கு முதல் தடவை 53. அதை மட்டும் மறுபடி எழுதித் தேறினேன். நைட் ட்யூட்டி முடித்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் அப்படியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன நாட்கள் நிறைய. மொழிக்கு இது போதும். பேப்பருக்கு வருகிறேன்.

ஜெர்மன் படிவம் எதை எடுத்தாலும் முதல் கட்டம் 'ஃபமீலியன்நாமே', அதாவது குடும்பப் பெயர். உங்கள் பெயருக்கான கட்டம் அதற்குக் கீழேதான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே! 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதை நாம் எல்லோரும் விட்டோம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் ஊர் உலகத்துப் படிவங்களில் அந்தக் கட்டம் மட்டும் நமக்குக் காலியாகவே கிடக்கிறது.

2017இல் முதல் பாஸ்போர்ட் எடுத்தபோது ஊரில் பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் விண்ணப்பம் நிரப்பினார். சர்நேம் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, என் பெயரையும் இனிஷியலையும் ஒரே கட்டத்தில் போட்டார். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. இப்படி ஒற்றைப் பெயராக நிற்கும் பாஸ்போர்ட்டில் என்ன சிக்கல் என்பது 2022 நவம்பரில் எங்கள் வீட்டுக்கே தெரிந்தது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அந்த மாதம் அறிவித்தது. வேலை தேடி துபாய் கிளம்ப இருந்த மாமா பையன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஊரிலேயே உட்கார்ந்தான்.

அதனால் நான் முதலில் தொட்டது பாஸ்போர்ட்டைத்தான். அப்பா பெயரையே சர்நேமாக வைத்துப் புதிதாக எடுத்துவிடுவது என்று முடிவு. அங்கேதான் ழ குறுக்கே வந்து நின்றது. அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

எல்லா பேப்பரையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். என் பள்ளி டி.சி.யில் ழவுக்கு இசட் எச். ரேஷன் கார்டில் ஒரு எல். அப்பாவின் ஆதாரில் இரண்டு எல். அவருடைய வாக்காளர் அட்டையில் எல்லுக்குப் பக்கத்தில் ஒரு எச், அது எந்த ஊர்க் கணக்கு என்று இன்றுவரை விளங்கவில்லை. டிகிரி சர்ட்டிபிகேட்டிலும் நர்சிங் கவுன்சில் பதிவிலும் வெறும் இனிஷியல். ஒரே மனுஷர், நான்கு எழுத்துக்கூட்டல்.

ஜூனியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாற்றுவதற்கு எது ரொம்பக் கஷ்டமோ, அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை மாற்றலாம். ஆனால் வாழ்நாளில் இரண்டே தடவைதான், அவசரப்பட்டு ஒன்றை வீணாக்காதீர்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்தப் போனால் தலைமுடி நரைத்துவிடும். எனக்கு டி.சி.யில் இருந்தது இசட் எச். எழுதியது எங்கள் தமிழ் ஐயா, எட்டாம் வகுப்பில் வகுப்பாசிரியராகவும் இருந்தவர். "ழகரத்துக்கு எல் போடறவன் வாழைப்பழத்தை வாளப்பளம்னு தின்னுவான்" என்பார். அவர் பேச்சைத் தட்ட முடியுமா? இசட் எச் என்றே முடிவு செய்தேன். முதலில் என் ஆதார், பிறகு பாஸ்போர்ட். அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்ட்டர், 1500 ரூபாய் கட்டணம், ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். போலீஸ் விசாரணைக்கு ஊரில் வீட்டுக்கு வந்தவர், மரவள்ளி இந்த வருஷம் என்ன விலைக்குப் போச்சு என்று அப்பாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். தகுதி அங்கீகாரத்துக்கு, அதாவது என் நர்சிங் படிப்பை ஜெர்மனி ஏற்றுக்கொள்வதற்கு, விண்ணப்பிக்கும்போது என்னிடம் அதைக் கேட்டார்கள். நான் பிறந்தது 1996இல், அம்மாயி வீட்டில். வீட்டில் இருந்த சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அதில் என் பெயரே இல்லை. 'பெண்' என்று மட்டும் இருந்தது. நம் ஊரில் பிறந்த உடனே பதிந்துவிடுவார்கள், பெயர் வைப்பது அப்புறம், பெயரைச் சேர்க்கப் போவது அதற்கும் அப்புறம். அந்த அப்புறம் எனக்கு 28 வயதில் வந்தது. நல்லவேளை, 15 வயது தாண்டியவர்களும் பெயர் சேர்த்துக்கொள்ள 2024 டிசம்பர் கடைசி வரை அரசு அவகாசம் கொடுத்திருந்தது. தாமதக் கட்டணம் 200 ரூபாய்.

தாலுகா ஆபீஸில் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். காலிகோ அட்டை போட்ட, முதுகு பிய்ந்த பெரிய நோட்டு. உதவியாளர் அண்ணன் எச்சில் தொடாமல், ஒரு ஸ்கேலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். பூச்சி அரித்த ஓரங்கள் மேஜையில் தூளாக உதிர்ந்தன. பக்கத்தின் தலைப்பில் 'விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்' என்று ரப்பர் ஸ்டாம்ப். 1997இல் மாவட்டங்களின் பெயரிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தார்களே, அதற்கு முந்தைய ஸ்டாம்ப். அதற்குக் கீழே ஏழாவது வரியில் நான். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. அதை அடுத்து நீல மையில் அப்பாவின் பெயர். அந்தக் காலத்து வி.ஏ.ஓ. யாரோ தெரியவில்லை, என்ன ஒரு கையெழுத்து! ழவின் வால் கீழே இறங்கிச் சுழித்து, எனக்கு அடுத்துப் பிறந்த குழந்தையின் அப்பா பெயருக்குள் நுழைந்திருந்தது. நான் புரட்டிய அத்தனை பேப்பரிலும் அப்பாவின் பெயர் சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது அந்த ஒரு வரியில்தான். போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் கூடாதும்மா" என்றார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுச் சான்றிதழில் தமிழும் இருக்கும், ஆங்கிலமும் இருக்கும். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டி "சரியா பாத்துக்கோங்க" என்றார். நான் என் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து விரித்தால் அப்பா பெயரில் எல்! தப்பு என் மேல்தான். திருத்த மறுபடி மனு, மறுபடி பஸ், மூன்று வாரம்.

ஊர்ப் பெயரும் சும்மா விடவில்லை. என் கிராமம் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் பழைய ஸ்டாம்பில் ஒரு மாவட்டம், பள்ளிச் சான்றிதழில் வெறும் விழுப்புரம், ஆதாரில் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் எங்களைப் பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். போதாக்குறைக்கு விழுப்புரத்திலும் ஒரு ழ. ரயில் நிலையத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், கலெக்டர் ஆபீஸில் வேறு. 2020 ஜூனில் ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வந்து, சில நாளிலேயே திரும்பப் போனது ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் மீம் போட்டுச் சிரித்தோம். நானும்தான். இப்போது அந்த அரசாணை போட்ட அதிகாரியின் வலி எனக்குக் கொஞ்சம் புரிகிறது.

படிப்புச் சான்றிதழ்கள் இன்னொரு கதை. ஜெர்மனியில் நர்ஸ் படிப்பு என்றால் மொத்தம் 4600 மணி நேரம், 2100 வகுப்பில், 2500 வார்டில். நம் படிப்பை அதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் டிகிரி சர்ட்டிபிகேட் மட்டும் போதாது, நான்கு வருடத்தில் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்று டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் படித்த கல்லூரிக்கும் நடந்து வாங்கினேன். கடைசியில் வந்த பதிலுக்குப் பெயர் 'டெஃபிட்சிட்பெஷைட்'. உன்னிடம் இன்னின்ன குறைகிறது என்று சொல்லும் கடிதம். முதலில் படித்தபோது ஃபெயில் ஆகிவிட்டேன் என்று பாத்ரூமில் போய் அழுதேன். விசாவுக்கு வேண்டியதே அந்தக் கடிதம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. குறைவதை அங்கே போய், வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியாலோ தேர்வாலோ நிரப்ப வேண்டும். எனக்குக் குறைந்ததில் ஒன்று முதியோர் பராமரிப்பு. ஆயாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டதற்கு யாரும் மணிக்கணக்கு எழுதித் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு கன்சல்டன்சியிடம் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சான்றிதழுக்கு அபோஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு வைக்கும் முத்திரை, கண்டிப்பாக வேண்டும் என்று 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். இந்தியா அந்த அபோஸ்டில் உடன்படிக்கையில் 2005இல் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. அதனால் நம் நாட்டு அபோஸ்டில் அங்கே செல்லாது. வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்படலாம், எனக்கு அது வெறும் அலங்காரம். என்னிடம் கேட்டது சான்றளித்த நகல்தான். அதைப் போட் கிளப் சாலையில் இருக்கும் ஜெர்மன் கான்சுலேட்டிலேயே வாங்கிக்கொண்டேன். அபோஸ்டில் ஒட்டின டிகிரியை அப்பாவிடம் காட்டியபோது "ஸ்டிக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றார். விலையைச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பு, ஜெர்மன் நீதிமன்றத்தில் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்தால்தான் செல்லும். எனக்கு அமைந்தவர் மகா கறார். அப்பாவின் வாக்காளர் அட்டையை ஏன் அனுப்பினேன் என்று இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், அதை யாரும் கேட்கவே இல்லை. அனுப்பிய மறுநாளே மெயில் வந்தது. இந்த ஆவணத்தில் உள்ளவரும் மற்ற ஆவணங்களில் உள்ளவரும் ஒருவர்தானா, நான் மூலத்தில் உள்ளபடிதான் எழுதுவேன், திருத்த எனக்கு உரிமையில்லை என்று. உடனே அந்த அட்டையை எடுத்துவிடச் சொன்னேன். கேட்காத பேப்பரைக் கொடுக்காதீர்கள். கேட்டதை ஒன்று குறையாமல் கொடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, இந்த நான்கு பெயர்களும் என்னையே குறிக்கும் என்று அப்பா முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்ட ஒரு அஃபிடவிட்டையும் நோட்டரியிடம் வாங்கி வைத்தேன். நோட்டரி வக்கீல் படித்துக் காட்டியபோது அப்பா குறுக்கே பேசினார். "நான் ஒரு ஆளுதான்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் கேட்டாள், "என் பேரு எதுலயும் வேணாமாடி?" பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது என்றேன். அதை எடுத்து, தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். அவள் பெயரில் எந்த வம்பும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

மற்றவை சட்டென்று. தட்டம்மை தடுப்பூசி, இது நர்ஸ்களுக்கு முக்கியம். ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மைச் சட்டம் அமலில் இருக்கிறது. 1970க்குப் பிறகு பிறந்தவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டுமென்றால் இரண்டு டோஸ் போட்டதற்கோ எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கோ அத்தாட்சி காட்ட வேண்டும். என் சின்ன வயது ஊசி அட்டையைக் கரையான் தின்றே பல வருடம் ஆகிறது. நான்கு வாரம் இடைவெளி விட்டு எம்.எம்.ஆர். இரண்டு டோஸ் போட்டுக்கொண்டேன். போலீஸ் சான்று பாஸ்போர்ட் இணையதளத்திலேயே, 500 ரூபாய். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், சிரிக்கக் கூடாது. ஸ்டுடியோக்காரரிடம் "அண்ணா, கலர் ஏத்தாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு முதல் தடவை எடுத்தவர் என்னை இரண்டு ஷேடு வெளுப்பாக்கி, மூக்குத்தி பளபளப்பை வேறு அழித்து, யாரோ ஒரு பெண்ணை என் கையில் கொடுத்தார். "நல்லா இருக்கீங்கம்மா" என்றார். நான் இல்லையே, அதுதான் பிரச்சினை.

விசாவுக்கு இப்போது ஆன்லைனில்தான் நிரப்பி, பேப்பர்களை ஏற்ற வேண்டும். அதன் பிறகு கைரேகைக்கும் ஒரிஜினல் காட்டவும் நேரில் போக வேண்டும். கட்டணம் 75 யூரோ, அதை நம் ரூபாயில் கட்டலாம். எனக்கு வேலை தரும் ஆஸ்பத்திரி, திறன் பணியாளர்களுக்கான விரைவு நடைமுறைக்கு அங்கேயே 411 யூரோ கட்டி முன் அனுமதி வாங்கி அனுப்பியிருந்தது. அதனால் கடைசிக் கட்டம் வேகமாகவே போனது. கவுண்ட்டரில் இருந்த பெண் என் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட், ஒப்பந்தம், பி2, டெஃபிட்சிட் கடிதம், முதல் சில வாரங்களுக்கான இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு நொடி நின்றாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. "பாண்டிச்சேரி பக்கமா நீங்க?" என்றாள். கள்ளக்குறிச்சி என்றேன். அடுத்த பேப்பருக்குப் போய்விட்டாள். இசட் எச் என்று ஒன்று இருப்பதையே அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை. அஃபிடவிட் ஃபைலை விட்டு வெளியே வரவே இல்லை.

விசா வந்த இரண்டாம் நாள், ஜெர்மன் ஆஸ்பத்திரியின் பணியாளர் பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணியோடு வீடியோ கால். "குட்டன் டாக், ஃப்ராவ்..." என்று ஆரம்பித்து என் அப்பாவின் பெயரைச் சொன்னார். ஜெர்மனில் இசட் என்றால் 'ட்ஸ்'. தமிழ் ஐயா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ழ, அவர் வாயில் 'ட்ஸ்ஹ' என்று தும்மல் மாதிரி வந்தது. அப்பாவைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அனிச்சையாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பா அந்நேரம் கொல்லையில் மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். சரியான உச்சரிப்பு என்ன என்று அந்த அம்மா கேட்டார். நாக்கை மடித்துக் காட்டினேன். அவர் முயன்றார், நான்கு தடவை. கடைசியில் சிரித்துவிட்டு, தன் பெயரில் யூவுக்கு மேல் இரண்டு புள்ளி உண்டு, பாஸ்போர்ட்டின் அடி வரியில் அதை யூ ஈ என்றுதான் அடிக்கிறார்கள், விமான நிலையங்களில் தன்னை யாரோ மாதிரிக் கூப்பிடுவார்கள் என்றார்.

நேற்று அவரிடமிருந்து ஒரு மெயில். தங்கப் போகும் வீட்டின் அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் குடும்பப் பெயரை ஒட்ட வேண்டுமாம், பெயர் ஒட்டாவிட்டால் தபால் வராதாம். எழுத்துகளைச் சரிபார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போனைக் காட்டினேன்.

"இது யார் வூட்டுக் கதவு?"

"நான் இருக்கப்போற வீடுப்பா. உங்க பேருதான் ஒட்டுவாங்க."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல ழ எங்க இருக்கு?"

இரண்டு எழுத்துகளையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ரெண்டு வேணுமா அதுக்கு?" என்றார்.